பிளாக்ஜாக்கில் சமனற்ற எண்ணிக்கை முறைகளும் பந்தய ஏற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீட்டு எண்ணுதல் என்பது வெளியான சீட்டுகளை எல்லாம் மனப்பாடம் செய்வதா?

இல்லை. எண்ணுபவரின் மனத்தில் ஓடுவது ஒரே ஓர் எண்தான். சிறிய சீட்டு மேசைக்கு வந்தால் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறார். பெரிய சீட்டு வந்தால் ஒன்றைக் கழிக்கிறார். தாயக்கட்டைக்கு நினைவு கிடையாது. முன்பு விழுந்த தாயம் அடுத்த உருட்டலைப் பாதிக்காது. காசினோவின் சார்பில் ஆடும் டீலரைவிட, 21-ஐத் தாண்டாமல், அதிகக் கூட்டுத்தொகை சேர்க்கும் சீட்டாட்டமான பிளாக்ஜாக் அப்படியல்ல. ஒருமுறை வெளியான சீட்டு, மீண்டும் கலைக்கும்வரை திரும்பி வருவதில்லை. எனவே சிறிய சீட்டுகள் நிறைய வெளியேறிவிட்டால், மிச்சமிருக்கும் கட்டில் பத்துகளும் ஆஸ்களும் செறிந்திருக்கும். அவை செறிந்த கட்டில் ஒன்றரை மடங்கு பணம் தரும் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டுகளே ஓர் ஆஸும் ஒரு பத்து மதிப்புச் சீட்டுமாக அமையும் கை) அடிக்கடி அமைகிறது; பந்தயத்தை இரட்டிப்பாக்கும் ஆட்டங்கள் வெல்கின்றன; 12 முதல் 16 வரை வைத்திருக்கும் டீலர், விதிப்படி இன்னொரு சீட்டு எடுத்தே ஆகவேண்டும் என்பதால், 21-ஐத் தாண்டி அடிக்கடி உடைகிறார். நமக்கும் அந்தக் கைகள் வரும் என்றாலும், எடுக்காமல் நிற்கும் உரிமை நமக்கு உண்டு, டீலருக்குக் கிடையாது. எண்ணுவதன் பயன் முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

சமனான முறை, சமனற்ற முறை என்ற பிரிவு எதனால் வந்தது?

எட்வர்ட் தோர்ப் 1962-இல் பிளாக்ஜாக்கைக் கணிதத்தால் வெல்லலாம் என்று உலகுக்குக் காட்டினார். அடுத்த ஆண்டே ஹார்வி டப்னர் முன்வைத்த எண்ணத்திலிருந்து, ஐபிஎம் நிறுவனத்தின் ஜூலியன் பிரானின் கணினிக் கணக்குகளின் துணையோடு வளர்ந்ததுதான் இன்று பெரும்பாலோர் கற்கும் ஹை-லோ முறை. அதில் 2 முதல் 6 வரை கூட்டல் 1. 7, 8, 9 பூஜ்யம். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் ஆகியவை கழித்தல் 1. ஒரு கட்டில் கூட்டும் சீட்டுகள் 20, கழிக்கும் சீட்டுகளும் 20. முழுக் கட்டையும் எண்ணி முடித்தால் விடை பூஜ்யம். இதுவே சமனான முறை.

ஓலாஃப் வான்குரா, கென் ஃபுக்ஸ் இருவரும் 1990களில் பரவலாக்கிய நாக்-அவுட் முறையில் ஒரே ஒரு மாற்றம்தான்: 7-க்கும் கூட்டல் 1. இப்போது கூட்டும் சீட்டுகள் 24, கழிப்பவை 20. ஒரு கட்டை எண்ணி முடித்தால் பூஜ்யம் வராது, 4 வரும். இந்த நாலு மிச்சம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

அந்த நாலு மிச்சத்தால் என்ன லாபம்?

ஹை-லோவில் ஓடும் எண்ணிக்கை 6 என்றால் அது நல்லதா, வெறும் சலனமா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் ஐந்து கட்டுகள் மிச்சமிருந்தால் ஆறு கூடுதல் பெரிய சீட்டுகள் 260 சீட்டுகளுக்குள் கரைந்துவிடும். ஒன்றரைக் கட்டே மிச்சமென்றால் அதே ஆறு பெரிய விஷயம். ஆகவே ஒவ்வொரு முறையும் கழிவுச் சீட்டுத் தட்டைக் கண்ணால் அளந்து, மிச்சமிருக்கும் கட்டுகளால் வகுத்து, ட்ரூ கவுண்ட் என்ற எண்ணைப் பெறவேண்டும். பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக் கொடுக்க, பானம் கொண்டுவருபவர் தோளைத் தொட, டீலர் அடுத்த கைக்குப் பந்தயத்தைக் கேட்டுக் காத்திருக்கும் நேரத்தில் 7-ஐ இரண்டரையால் வகுப்பது எளிதன்று.

சமனற்ற முறையில் எண்ணிக்கை இயல்பாகவே மேல்நோக்கி நகர்கிறது. சராசரியாக ஒரு கட்டு தீரும்போது 4 ஏறும். சீட்டுகள் குறையக் குறைய எண் உயர்வதால், வகுத்தல் செய்ய வேண்டிய வேலையின் ஒரு பகுதியை இந்த நகர்வே செய்துவிடுகிறது. ஒரு பகுதியை மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த முறையின் பலம், பலவீனம் இரண்டும் அதில் அடங்கியிருக்கின்றன.

எந்த எண்ணிலிருந்து தொடங்கவேண்டும்?

நாக்-அவுட் முறையில் ஆரம்ப எண், நாலிலிருந்து கட்டுகளின் எண்ணிக்கையை நாலால் பெருக்கிக் கழித்து வருவது. ஒரு கட்டுக்குப் பூஜ்யம், இரண்டு கட்டுக்கு மைனஸ் 4, ஆறு கட்டுக்கு மைனஸ் 20, எட்டுக் கட்டுக்கு மைனஸ் 28. எத்தனை கட்டானாலும் கடைசிச் சீட்டு விழும்போது எண் சரியாக 4-இல் நிற்கும்.

மைனஸ் எண்களில் முன்னும் பின்னும் போவது பலருக்குத் தடுமாற்றம் தரும். மைனஸ் 9-லிருந்து ஒரு சின்னச் சீட்டுக்கு மைனஸ் 8 என்பதற்குப் பதில் மைனஸ் 10 என்று நாக்கு புரளும். இதற்கு வழி, எல்லாவற்றுடனும் 30-ஐக் கூட்டிக்கொள்வது: ஆறு கட்டில் 10-இல் தொடங்குங்கள், கீழே வரும் எல்லா எண்களுக்கும் அதே 30-ஐக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் எந்த வேறுபாடும் இல்லை. நான் பழைய பழக்கத்தால் மைனஸிலேயே எண்ணுகிறேன், புதிதாகக் கற்பவருக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒரு கையை எண்ணிக் காட்ட முடியுமா?

ஆறு கட்டு ஷூ (கலைத்த சீட்டுகளை வைத்து வழங்கும் பெட்டி), புதிதாகக் கலைத்தது, எண் மைனஸ் 20. மேசையில் மூவர். முதலாமவருக்கு 5, 6. இரண்டாமவருக்கு ராஜா, 2. நமக்கு 7, 4. டீலரின் திறந்த சீட்டு 3. ஒவ்வொரு சீட்டாக எண்ணவேண்டாம். ராஜாவும் 2-உம் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, கண் அவற்றைத் தாண்டிப் போகலாம். மிச்சமிருப்பவை 5, 6, 7, 4, 3 என ஐந்து சின்னச் சீட்டுகள். எண் மைனஸ் 15.

முதலாமவர் 11-இல் இரட்டிப்பாக்குகிறார், ஜாக்கி விழுகிறது: மைனஸ் 16. இரண்டாமவர் 12-ஐ வைத்துக்கொண்டு சீட்டுக் கேட்கிறார், 7 வருகிறது: மைனஸ் 15. நாமும் 11-இல் இரட்டிப்பாக்குகிறோம், ராணி: மைனஸ் 16. டீலர் மூடிய சீட்டைத் திருப்புகிறார், 9, அடுத்து 8, மொத்தம் 20, எண்ணில் மாற்றமில்லை. 12 சீட்டுகளில் எண் நாலு ஏறியிருக்கிறது. மனம் உடனே குதூகலிக்கும். ஆனால் 12 சீட்டுகளுக்கு இயல்பான நகர்வே ஏறத்தாழ 1. மிச்சமுள்ள மூன்று, 300 சீட்டுகளில் பரவிக் கிடக்கிறது. ட்ரூ கவுண்ட்டாக மாற்றினால் அரையைத்தான் தொடும். பந்தயத்தை உயர்த்த இது போதாது.

அச்சு எண், சாவி எண் என்கிறார்களே, அவை யாவை?

அச்சு எண் என்பது, எத்தனை கட்டு மிச்சமிருந்தாலும் ஓடும் எண்ணிக்கை ஒரே பொருளைத் தரும் ஒற்றைப் புள்ளி. நாக்-அவுட்டில் அது 4. ஓடும் எண் 4-ஐத் தொட்டால், ஷூவின் தொடக்கமானாலும் முடிவானாலும், ட்ரூ கவுண்ட் 4-க்கு இணையான நிலை. காரணம் எளிது: கடைசியில் எண் 4-இல்தான் முடியும் என்பதால், இப்போதே 4 என்றால் மிச்சமுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை பூஜ்யம், ஆனால் இயல்பான கட்டில் அது கட்டுக்கு 4 இருந்திருக்கவேண்டும். ஆகவே கட்டுக்கு நாலு அளவுக்குப் பெரிய சீட்டுகள் மிகுந்திருக்கின்றன.

சாவி எண் வேறு. ஆட்டம் காசினோவின் பக்கத்திலிருந்து நம் பக்கம் சாயத் தொடங்குவதாக முறையை வகுத்தவர்கள் குறித்துக் கொடுத்த எண் அது. ஆறு கட்டுக்கு மைனஸ் 4, எட்டுக் கட்டுக்கு மைனஸ் 6, இரண்டு கட்டுக்குக் கூட்டல் 1, ஒரு கட்டுக்குக் கூட்டல் 2. அச்சு எண் கணிதத்தால் துல்லியமானது. சாவி எண் ஒரு சராசரி. இந்த வேறுபாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பந்தய ஏற்றத்தை, அதாவது எந்த எண்ணுக்கு எவ்வளவு பந்தயம் என்ற படிகளை, அமைப்பவர்கள்தான் சமனற்ற முறையைக் குறை சொல்கிறார்கள்.

சராசரி என்றால் எவ்வளவு தவறும்?

ஓடும் எண்ணிலிருந்து ட்ரூ கவுண்ட்டைப் பெற ஒரு சிறிய சூத்திரம் உண்டு: ஓடும் எண்ணிலிருந்து 4-ஐக் கழித்து, மிச்சமுள்ள கட்டுகளால் வகுத்து, மீண்டும் 4-ஐக் கூட்டுங்கள். ஆறு கட்டு ஆட்டத்தின் சாவி எண்ணான மைனஸ் 4-ஐ இதில் போட்டுப் பாருங்கள். ஐந்து கட்டு மிச்சமிருக்கும்போது 2.4 வருகிறது. நாலு கட்டில் 2. மூன்று கட்டில் 1.3. இரண்டு கட்டில் பூஜ்யம். ஒன்றரைக் கட்டில் மைனஸ் 1.3.

ஒரே மைனஸ் 4, ஷூவின் முன்பாதியில் நல்ல வாய்ப்பாகவும், கடைசியில் வெறும் நஷ்டமாகவும் இருக்கிறது. ஷூவின் இறுதியில் எண் தானாகவே மேலேறி வரும் என்பதை மறந்து, சாவி எண்ணைத் தாண்டியதுமே பந்தயத்தை உயர்த்துபவர், காசினோவுக்குச் சாதகமான கைகளில் கூடுதல் பணத்தை வைக்கிறார். நானும் முதல் சில மாதங்கள் இதையே செய்தேன். பிறகு ஆடிய கைகளின் குறிப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது, உயர்த்திய பந்தயங்களில் கணிசமானவை கலைப்பதற்குச் சற்று முந்தைய கைகளில் விழுந்திருந்ததைக் கண்டேன்.

பந்தய ஏற்றத்தை எப்படி அமைப்பது?

கீழிருந்து மேலே கட்டாமல், துல்லியமாகத் தெரிந்த இடத்திலிருந்து கட்டவேண்டும் என்பதே என் கருத்து. அந்த இடம் அச்சு எண்.

ஆறு கட்டு, பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்கு, ஓரளவு நல்ல விதிகள் கொண்ட ஆட்டத்தில், அடிப்படை உத்தியை (ஒவ்வொரு கையையும் எப்படி ஆடுவது சிறந்தது என்று எண்ணாமலே சொல்லும் விதிகள்) பிழையின்றி ஆடுபவருக்கு எதிராகக் காசினோவின் சாதகம் சுமார் அரை சதவீதம். ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறினால் ஆட்டக்காரரின் நிலை ஏறத்தாழ அரை சதவீதம் உயர்கிறது. ஆக, 1-இல் சரிசமம். 2-இல் அரை சதவீதச் சாதகம். 4-இல் ஒன்றரை சதவீதம்.

பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-இல் வகுத்த விதிப்படி, கையிருப்பைப் பெருக்குவதற்குரிய பந்தயம், சாதகத்தை ஆட்டத்தின் மாறுபாட்டால் (வரவு சராசரியைச் சுற்றி எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு) வகுத்த பங்கு. பிளாக்ஜாக்கில் அந்த மாறுபாடு சுமார் 1.3. கையிருப்பு 10,000 டாலர் என்று கொள்வோம். அச்சு எண்ணில் முழுக் கெல்லி சுமார் 115 டாலர். நிதானமானவர்கள் ஆடும் பாதிக் கெல்லி 58, அதாவது 60. மேசையின் குறைந்தபட்சப் பந்தயம் 10 டாலர் என்றால், ஏற்றம் இப்படி அமையும்: மைனஸ் 4-க்குக் கீழே 10, மைனஸ் 4-இல் 20, பூஜ்யத்தில் 30, கூட்டல் 2-இல் 40, கூட்டல் 4-இல் 60, கூட்டல் 8-உம் அதற்கு மேலும் 90.

இதில் 60 மட்டும் எப்போதும் சரி. மற்றவை ஷூவின் நடுப்பகுதிக்குப் பொருந்தும் எண்கள். மைனஸ் 4-இல் 20 என்பது நாலு கட்டு மிச்சமிருக்கும்போது மிகச் சரி. ஐந்து கட்டு மிச்சமென்றால் மைனஸ் 6-லேயே 20 வைக்கலாம். மூன்று கட்டென்றால் மைனஸ் 2 வரை காத்திருக்கவேண்டும். இரண்டு கட்டென்றால் பூஜ்யம் வரை. கட்டுக்கு இரண்டு என்ற கணக்கில் இந்தப் படி நகர்வதைக் கவனியுங்கள். அதை மட்டும் நினைவில் வைத்தால், வகுத்தல் செய்யாமலே முறையின் பெரிய குறையைச் சரிசெய்துவிடலாம்.

அப்படியானால் கழிவுத் தட்டைப் பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது? ஹை-லோவையே கற்றுவிடலாமே?

நியாயமான கேள்வி. பார்க்கவேண்டும்தான், ஆனால் இரண்டு கட்டு போயிற்றா, மூன்று போயிற்றா என்ற தோராயமான பார்வை போதும், அதுவும் படியை உயர்த்தும் தருணத்தில் மட்டும். ஒவ்வொரு கையிலும் வகுக்கவேண்டிய தேவை இல்லை. பந்தயத்தின் அளவை முடிவு செய்வதில் இரண்டு முறைகளின் திறனும் ஏறத்தாழ ஒன்றே. எண்ணிக்கை உண்மையான சாதகத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும், 1-ஐ நெருங்க நெருங்கச் சிறந்ததான, பந்தய ஒத்திசைவு என்ற அளவுகோலில் நாக்-அவுட்டுக்கு 0.98, ஹை-லோவுக்கு 0.97. கையை ஆடும் விதத்தை எண்ணிக்கைக்கேற்ப நுணுக்கமாக மாற்ற விரும்புபவருக்கு ஹை-லோவின் ட்ரூ கவுண்ட் உதவும். வாரத்தில் சில மணிநேரம் ஆடுபவர், பிழையின்றி எண்ணக்கூடிய எளிய முறையை எடுத்துக்கொள்வதே மேல். பிழையோடு வகுப்பவரைவிட வகுக்காமலே இருப்பவர் நல்ல நிலையில் இருக்கிறார்.

சிவப்பு ஏழு முறை எப்படி வேறுபடுகிறது?

ஆர்னால்ட் ஸ்னைடர் 1980களில் வெளியிட்ட முறை அது. ஹை-லோவின் மதிப்புகளே, ஆனால் ஆர்டின், டைமண்ட் ஏழுகளுக்கு மட்டும் கூட்டல் 1, கறுப்பு ஏழுகளுக்குப் பூஜ்யம். கட்டுக்கு இரண்டு சிவப்பு ஏழுகள் என்பதால் மிச்சம் 2. கட்டுக்கு மைனஸ் 2 வீதம், ஆறு கட்டுக்கு மைனஸ் 12-இல் தொடங்கினால், பூஜ்யம் அச்சு எண்ணாகிறது; அங்கே ட்ரூ கவுண்ட் 2.

இதன் அழகு என்னவென்றால், பந்தயத்தை உயர்த்தத் தொடங்கும் இடமே துல்லியமான புள்ளியாக அமைகிறது. நாக்-அவுட்டிலோ பெரிய பந்தயம் வைக்கும் இடம் துல்லியமானது. எது மேல் என்பது விவாதத்துக்குரியது. பணம் பெரிதாக வைக்கும் இடத்தில் துல்லியம் இருப்பதையே நான் விரும்புகிறேன். தவிர, ஏழின் நிறத்தைப் பார்ப்பது கண்ணுக்குக் கூடுதல் வேலை. வேகமான டீலரிடம் அந்தக் கால் நொடியும் கணக்குதான்.

இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?

டீலரின் திறந்த சீட்டு ஆஸாக இருக்கும்போது தரப்படும் இந்தப் பக்கப் பந்தயம், மூடிய சீட்டு பத்து மதிப்புடையதானால் இரண்டு மடங்கு தருகிறது. எனவே மிச்சமுள்ள சீட்டுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பத்துகளாக இருந்தால்தான் லாபம். முழுக் கட்டில் 52-க்கு 16, அதாவது 30.8 சதவீதம், எண்ணாதவர் ஒருபோதும் எடுக்கக்கூடாது. நாக்-அவுட்டில் கூட்டல் 3 அல்லது அதற்கு மேல் என்றால் எடுக்கலாம். எத்தனை கட்டானாலும் அதே எண்.

இந்த இடத்தில் ஒரு சுவையான இடைச்செருகல். பத்து மதிப்புள்ள சீட்டுகளுக்கு மைனஸ் 2, மற்ற எல்லாவற்றுக்கும் கூட்டல் 1 என்று எண்ணினால் கட்டுக்கு 36-லிருந்து 32 போக 4 மிச்சம். அதுவும் சமனற்ற முறைதான். கட்டுக்கு மைனஸ் 4 வீதம் தொடங்கி, எண் பூஜ்யத்தைத் தொட்டால், மிச்சமுள்ள சீட்டுகளில் பத்தல்லாதவை பத்துகளைப்போல் சரியாக இரண்டு மடங்கு. பூஜ்யத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் லாபம், தோராயமே இல்லை. ஆஸையும் சின்னச் சீட்டாகவே எண்ணுவதால் பந்தய அளவுக்கு இது அவ்வளவு உகந்ததன்று என்றாலும், சமனற்ற தன்மை எப்படி வகுத்தலை விழுங்கிவிடுகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கை மோசமாக இருக்கும்போது எழுந்து போய்விடலாமா?

போகலாம், போகவும் வேண்டும். ட்ரூ கவுண்ட் மைனஸ் 1-க்கு இறங்கினால் காசினோவின் சாதகம் ஒரு சதவீதத்தை எட்டிவிடும். நாக்-அவுட்டில் அந்த எல்லை, ஐந்து கட்டு மிச்சமிருக்கும்போது மைனஸ் 21, நாலு கட்டில் மைனஸ் 16, மூன்று கட்டில் மைனஸ் 11. ஐந்தைந்தாக ஏறுவதால் நினைவில் நிற்கும். கைப்பேசி அழைப்பு, கழிப்பறை, சிகரெட் எதுவானாலும் காரணமாகலாம். ஒவ்வொரு ஷூவிலும் ஒரே காரணம் வேண்டாம்.

பந்தயத்தின் விரிவு எவ்வளவு இருக்கவேண்டும்?

ஆறு கட்டில் எல்லாக் கைகளையும் ஆடுவதானால், குறைந்த பந்தயத்துக்கும் கூடிய பந்தயத்துக்கும் 1-க்கு 8 என்ற அளவாவது வேண்டும். 12 வரை போவோர் உண்டு. இரண்டு கட்டில் இதைவிடக் குறைவாகவே போதும். ஒன்று கவனியுங்கள்: ஒரே கையில் 10-லிருந்து 90-க்குத் தாவுவதை மேற்பார்வையாளர் தூரத்திலிருந்தே கவனித்துவிடுவார். வென்ற பந்தயத்தை அப்படியே விட்டு இரட்டிப்பாக்குவது சாதாரண ஆட்டக்காரரும் செய்வது. தோற்ற பின் எண்ணிக்கை ஏறியிருந்தால் இரண்டு படியாக ஏறுவது எனக்குச் சரியாகப்படுகிறது. அதனால் இழக்கும் சாதகம் சிறிது.

கையிருப்பு முழுவதும் போய்விடும் ஆபத்து எவ்வளவு?

முழுக் கெல்லிப்படி, கையிருப்பு மாறமாறப் பந்தயத்தையும் மாற்றி ஆடுபவரின் கையிருப்பு எப்போதாவது பாதியாகக் குறைவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. பாதிக் கெல்லிக்கு எட்டில் ஒன்று. முழுக் கெல்லி ஆடுகிறேன் என்று பெருமை பேசுபவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டில் ஒன்றை நிஜமாகத் தாங்குவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

மேற்சொன்ன ஏற்றத்தில், மணிக்கு 80 கை வீதம், எதிர்பார்க்கும் வரவு மணிக்கு 15 டாலர் என்றும், திட்ட விலக்கம் (வரவு வழக்கமாக அதிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 300 டாலர் என்றும் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 400 மணிநேரம் ஆடினால் எதிர்பார்க்கும் வரவு 6,000. அந்த 400 மணிநேரத்தின் திட்ட விலக்கமும், 400-இன் வர்க்கமூலம் 20 என்பதால், அதே 6,000. வாரத்துக்கு நாலு மணிநேரம் ஆடுபவருக்கு இது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டு முடிவிலும், எண்ணுபவர்களில் ஆறில் ஒருவர் பிழையே செய்யாமல் நஷ்டத்தில் இருப்பார். வீட்டுச் செலவுப் பணத்தையோ கடன் வாங்கிய பணத்தையோ கொண்டு இதில் இறங்கக்கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே காரணம்.

எல்லா மேசைகளிலும் இது பயன்படுமா?

பயன்படாது. பிளாக்ஜாக்குக்கு 10 டாலருக்கு 15 தராமல் 12 மட்டும் தரும் மேசைகள் லாஸ் வேகாஸில் பெருகிவிட்டன. பிளாக்ஜாக் சுமார் 21 கைக்கு ஒருமுறை வரும். ஒவ்வொன்றிலும் பந்தயத்தின் 0.3 பங்கு போனால், சராசரியாக 1.4 சதவீதம் இழப்பு. ட்ரூ கவுண்ட் கிட்டத்தட்ட மூன்று ஏறினால்தான் அதை ஈடுகட்ட முடியும். அந்த மேசையில் உட்காரவே வேண்டாம்.

தொடர்ந்து கலைக்கும் இயந்திரம் உள்ள மேசையில், ஆடிய சீட்டுகள் உடனுக்குடன் உள்ளே போய்விடுவதால் எண்ணுவதற்கு எதுவுமில்லை. ஒவ்வொரு கைக்கும் மென்பொருள் புதிதாகக் கலைக்கும் இணைய ஆட்டங்களுக்கும் இதுவே பொருந்தும். ஆறு கட்டில் மூன்றை ஆடிவிட்டுக் கலைக்கும் டீலரைவிட, நாலரை வரை ஆடும் டீலர் பல மடங்கு மேல். எந்த இடம் வந்ததும் கலைக்கவேண்டும் என்று காட்டும் வெட்டுச் சீட்டை எங்கே செருகுகிறார் என்பதை, விதிகளைப் படிப்பதற்கும் முன்பே பாருங்கள்.

சிங்கப்பூர் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அங்குள்ள காசினோவுக்குள் 24 மணிநேரம் இருக்க 150 சிங்கப்பூர் டாலர் நுழைவு வரி செலுத்தவேண்டும். மணிக்கு 15 டாலர் எதிர்பார்ப்புள்ள ஏற்றத்தில், சீட்டு மேசையைத் தொடும் முன்பே பத்து மணிநேர வரவு போய்விடுகிறது. அந்தக் கணக்கு எந்த எண்ணிக்கை முறையாலும் நேராகாது.

சீட்டு எண்ணுவது சட்டவிரோதமா?

அமெரிக்காவில் மூளையால் எண்ணுவது குற்றமல்ல. கருவியின் துணையோடு எண்ணுவதை நெவாடா 1985-இல் குற்றமாக்கியது. கைப்பேசிச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையில் உட்காரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். நெவாடாவில் காசினோ தனியார் இடம் என்ற அடிப்படையில், எண்ணுபவரை ஆடக்கூடாது என்று வெளியேற்றலாம். நியூ ஜெர்சியில் நிலைமை வேறு: சீட்டு எண்ணுபவரான கென் அஸ்டன் தொடுத்த வழக்கில், சூதாட்ட ஆணையத்தின் விதி இல்லாமல் காசினோ தானாக எண்ணுபவர்களை விலக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. அதனால் அந்த மாநிலத்தின் காசினோ நகரான அட்லாண்டிக் சிட்டியில் ஆளைத் துரத்துவதற்குப் பதில், சீட்டை முன்கூட்டியே கலைப்பது, பந்தய உச்சவரம்பைக் குறைப்பது போன்ற வழிகளைக் கையாள்கிறார்கள். உங்கள் ஊர்ச் சட்டம் தனி. அங்கே பணம் வைத்து ஆடுவதே தடையென்றால், இங்கே சொன்னதெல்லாம் வெறும் கணிதம்தான்.

எவ்வளவு பயிற்சி போதும்?

ஒரு கட்டை எடுத்து, பார்க்காமல் ஒரு சீட்டை உருவிக் கவிழ்த்து வையுங்கள். மிச்சமுள்ள 51 சீட்டுகளைப் பூஜ்யத்தில் தொடங்கி, இரண்டிரண்டாகத் திருப்பி நாக்-அவுட் முறையில் எண்ணுங்கள். விடை 4 வந்தால் உருவிய சீட்டு 8 அல்லது 9. 3 வந்தால் அது 2 முதல் 7-க்குள் ஒன்று. 5 வந்தால் பத்து, படச்சீட்டு அல்லது ஆஸ். கவிழ்த்த சீட்டைத் திருப்பிச் சரிபாருங்கள். இதை 30 நொடிக்குள், தொடர்ந்து பத்து முறை தவறில்லாமல் செய்ய முடியவேண்டும். அதன் பிறகு வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை இடையிடையே கேள்வி கேட்கச் சொல்லி, அதே பத்து முறையைச் செய்யுங்கள். நேரம் இரட்டிப்பாகும்; ஏழை எண்ண மறந்து விடை 2 வரும்; கேள்விக்குப் பதில் சொன்ன நொடியில் எண் காற்றில் போயிருக்கும். மேசையில் உட்கார்ந்தால் உங்களுக்கு இருக்கப்போகும் வேகம் அந்த இரண்டாவது வேகம்தான். ஏற்றத்தின் படிகளை அந்த வேகத்துக்கு எண்ண முடியும் அளவுக்கு மட்டுமே வையுங்கள்.